பாக்குவெட்டியும் சுண்ணாம்புக் கரண்டகமும்: கண்டிய உலோகச் செதுக்குவேலையின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

கலை வரலாறு என்றதும் எமது நினைவுக்கு வருவன கோயில்களும் விகாரைகளும் சிலைகளும் சுவரோவியங்களுமே. மன்னனதும் மதத்தினதும் ஆதரவிலே தோன்றிய அப்பெருங்கலைகள் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. மடியிலே செருகப்பட்டு, நாளொன்றுக்குப் பத்துமுறை கையிலெடுக்கப்பட்டு, விளிம்பு தேய்ந்துபோன ஒரு பாக்குவெட்டியைப் பற்றி எழுதுவோர் சிலரே. எழுதுவோரும் அதனைச் சிறுகலை எனப் பெயரிட்டு நூலின் கடைசி இயலிலே ஒதுக்கிவிடுகின்றனர். இப்பாகுபாடு தற்செயலானதன்று. எது கலையென மதிக்கப்படுகின்றது என்பதிலும் வர்க்கச் சார்பு உண்டு. ஆயின் அதனை விரித்துரைத்தல் இங்கு எமது நோக்கமன்று. கண்டி இராச்சியத்துக் கம்மியர் அன்றாடப் புழக்கத்துக்குரிய சிறு உலோகப் பொருட்களில் இத்துணை உழைப்பைச் செலவிட்டுச் சித்திரம் வெட்டியது எவ்வாறு இயல்வதாயிற்று, அதற்கு வேண்டிய காலத்தை அவர்க்கு அளித்தது எது, பின்னர் அக்காலம் எங்கே போயிற்று என்னும் வினாக்களையே நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

எடுத்துக்காட்டாக இரு பொருட்களைக் கொள்வோம். ஒன்று, சிங்களத்தில் கிரய என வழங்கும் பாக்குவெட்டி. மற்றையது, கில்லோட்டய எனப்படும் சுண்ணாம்புக் கரண்டகம். வெற்றிலை தின்னும் வழக்கம் அரசன் முதல் குடியானவன் ஈறாக எல்லோர்க்கும் பொதுவாயிருந்தமையால், இவ்விரு பொருட்களும் சமுதாயத்தின் எல்லாப் படிகளிலும் புழங்கின. பாக்குவெட்டி பெரும்பாலும் இரும்பாலும், சிலபோது பித்தளையாலும் ஆனது. குதிரை, சிங்கம், பெண்ணுருவம், செரப்பெந்திய எனப்படும் கற்பனைப் பறவை ஆகிய வடிவங்களில் அதன் தலைப்பகுதி அமைவதுண்டு. கரண்டகம் வட்டமானது, பழைய சட்டைப்பைக் கடிகாரத்தை ஒத்தது, கீல் வைத்த மூடியுடையது. சுண்ணாம்பு எடுக்கும் சிறு கரண்டி சங்கிலியில் அதனோடு தொங்கும். செம்பு, பித்தளை, வெள்ளி என உடையவனின் தகுதிக்கேற்ப உலோகம் மாறும். மூடியின் நடுவே ஒரு மலரும், அதைச் சுற்றித் தாமரை இதழ் வரிசையும், அதற்கும் வெளியே ஓடும் கொடியும் வெட்டப்பட்டிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் பொருளொன்றில் இத்தனையும் உள.

உலோகத்தில் சித்திரம் அமைக்கும் முறைகள் பல. நுட்பம் அறியாதார் அனைத்தையும் செதுக்குவேலை என ஒரே பெயரால் சுட்டுவர். ஆயின் எமது விசாரணைக்கு அவற்றுள் ஒரு வேறுபாடு இன்றியமையாதது. மழுங்கிய நுனியுடைய முளையைச் சுத்தியலால் தட்டி, உலோகத்தை அமுக்கிக் கோடு போடுவது ஒரு முறை. இதிலே உலோகம் இடம்பெயர்கின்றதேயன்றிக் குறைவதில்லை. தகட்டைக் குங்கிலியப் படுகையொன்றில் பதித்து முன்னும் பின்னுமாகத் தட்டி உருவங்களைப் புடைக்கச் செய்வதும் இம்முறையின்பாற் பட்டதே. கூரிய சிற்றுளியால் உலோகத்தை இழையிழையாக வெட்டி நீக்குவது மற்றொரு முறை. அமுக்கிய கோட்டின் அடி உருண்டு மங்கலாயிருக்கும். வெட்டிய கோட்டின் அடியோ கூராகவும் பக்கங்கள் ஒளி விடுவனவாகவும் இருக்கும். உளியைச் சற்றுச் சரித்தால் கோடு அகலும், நிமிர்த்தினால் மெலியும். கொடியின் தண்டு தடித்துத் தொடங்கி நுனியிலே மயிரிழையாக முடிவது இச்சரிவினாலேயே. செம்பு மென்மையானதாயினும் உளியைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. பித்தளை துப்புரவாக வெட்டுப்படும். இரும்புக்கோ நன்கு பதமிட்ட உளி வேண்டும். மூன்றிலும் தவறிய வெட்டைத் திருத்த வழியில்லை. ஓவியன் அழிக்கலாம், மண் வனைபவன் மீண்டும் பிசையலாம், வெட்டுபவனுக்கோ அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டுள்ளது.

இரும்புப் பாக்குவெட்டியில் வேலை இரட்டிப்பாகின்றது. கோட்டை வெட்டியபின், அப்பள்ளத்தினுள் பித்தளை அல்லது வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டி இறுக்கி, மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்துவர். கருநிற இரும்பிலே பொன்னிறக் கொடி படர்ந்தாற்போலத் தோன்றுவது இவ்வாறு ஆக்கப்பட்டதே. இதனாற் பாக்கு மெல்லிதாக வெட்டுப்படப் போவதில்லை. பயன்மதிப்பு என்னும் அளவுகோலை மட்டும் கொண்டு நோக்கின் இவ்வேலை அனைத்தும் வீண்.

கம்மியர் கையாண்ட சித்திர வகைகள் பரம்பரையாகக் கற்கப்பட்டவை. லியவெல எனும் கொடி, பலாபெதி எனும் இதழ் வரிசை, அன்னம், பெண்ணுருவும் கொடியும் இணைந்த நாரிலதா ஆகியன அவற்றுட் சில. இவற்றைக் கொண்டு, கண்டிய கலை வெளியுலகத் தொடர்பற்று உறைந்துபோன ஒன்று எனக் கருதுவோர் உளர். அது தவறு என்பதற்கு ஒரு சிறு சான்றே போதும். அச்சித்திரங்களுள் அன்னாசி மலர் என்பதும் ஒன்று. அன்னாசியோ தென்னமெரிக்காவிலே தோன்றிப் போர்த்துக்கேயர் மூலம் கீழைத்தேயங்களுக்கு வந்த தாவரம். எதிரியின் கப்பலில் வந்த பழம், மலைநாட்டுக் கம்மியனின் உளி நுனிவரை வந்துசேர்ந்துவிட்டது. வந்தபின் பழைய மலர்களுள் ஒன்றாகவே கலந்தும்விட்டது.

இனி, காலத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில், கொல்லனின் பட்டடையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அரசனின் கொல்லர் ஒவ்வொருவர்க்கும் சில ஊர்கள் உரித்தாயிருந்தன. அவ்வூர்களிலே வேறு கொல்லர் வேலை செய்தல் கூடாது. கருவிகளைத் திருத்திக் கொடுப்பதற்கு ஒவ்வொரு குடியானவனும் அறுவடைக் காலத்தில் வழக்கப்படி ஓரளவு தானியம் கொடுத்தான். புதுக்கருவி செய்விக்க வேண்டுமாயின், அரிசி, கோழி, சாராயம் முதலிய கையுறைகளோடு பணிவாகச் சென்று நாள் குறித்துவர வேண்டும். குறித்த நாளில் இரும்பையும் கரியையும் அவனே சுமந்து வரவேண்டும். துருத்தி ஊதுவதும் சம்மட்டி அடிப்பதும்கூட அவன் பொறுப்பே. கொல்லனோ தன் இருக்கையை விட்டெழாது, சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி வடிவை ஒழுங்கு செய்துகொண்டிருப்பான். தேய்ப்பு வேலையையும் இயன்றவரை வந்தவனே கல்லில் தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

நொக்ஸ் இதனைச் சற்று எள்ளலோடே எழுதுகின்றார் எனத் தோன்றுகின்றது. எமக்கோ இது பொருளியல் ஆவணம். கூலி பேசி, பொருளொன்றுக்கு இவ்வளவு என விலை குறித்து நிகழும் உற்பத்தி இங்கு இல்லை. தேர்ச்சி வேண்டாத உழைப்பு குடியானவனின் தோளுக்கு மாறுகின்றது. தேர்ச்சி வேண்டிய உழைப்பு மட்டுமே கம்மியனிடம் எஞ்சுகின்றது. அவனது உணவு அறுவடையோடு வந்துவிடுகின்றது. ஒரு பொருளை இரு நாளில் முடிப்பதும் இருபது நாளில் முடிப்பதும் அவனது வயிற்றை நேரடியாகத் தாக்குவதில்லை.

இதற்கு அடித்தளமாயமைந்தது நிலம். அரசனுக்கோ, விகாரைக்கோ, தேவாலயத்துக்கோ, பிரதானிகட்கோ உரிய நிலத்தைப் பங்குவ எனப்படும் கூறுகளாக அனுபவித்தவர்கள், அதற்கு ஈடாகத் தத்தம் சாதிக்குரிய சேவையைச் செய்தல் வேண்டும் என்பதே இராசகாரிய முறையின் சாரம். கம்மியர் நவந்தன்னோ எனும் சாதியினர். கோட்டல்பத்த எனும் திணைக்களத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டனர். அவருள் மேன்மையானோர் பட்டல் ஹதர எனப்பட்ட நால்வகைப் பட்டடைகளில் அரசனுக்கென வாளும் முடியும் அணிகலனும் சிம்மாசன வேலையும் செய்தனர். கிராமத்துப் பங்குகளில் இருந்தோர் கருவிகளைத் திருத்துவதோடு, புத்தாண்டிலே நிலவுடைமையாளர்க்குக் காணிக்கைப் பொருட்களும் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. அக்காணிக்கைகளுள் பாக்குவெட்டியும் சுண்ணாம்புக் கரண்டகமும் இடம்பெற்றமை இங்கு கவனிக்கத்தக்கது. ஆகவே நாம் இன்று கண்ணாடிப் பேழையினுள் காணும் பாக்குவெட்டிகளுட் சிலவேனும் விற்பனைக்காகச் செய்யப்பட்டவையல்ல. அவை நிலத்துக்கான குத்தகை. கொடியும் மலரும் குத்தகையின் ஒரு பகுதி.

இவ்விடத்திற் சிறிது நிதானித்தல் வேண்டும். விலை குறிக்கப்படாத உழைப்பு என்றதும், அதனைச் சுதந்திரமான உழைப்பு எனக் கருதும் மயக்கம் பலரிடம் உண்டு. கம்மியனுக்குக் காலம் இருந்தது உண்மை. அக்காலத்தை வைத்துக்கொண்டு அவன் வேறொன்று செய்ய இயலாதிருந்ததும் உண்மை. தந்தை ஏந்திய உளியையே மகனும் ஏந்த வேண்டும். ஏந்த மறுப்பின் நிலம் போய்விடும். நொக்ஸ் கூறும் மற்றொரு கதை இத்தொடர்பிற் பயனுடையது. முன்னொருகால் உயர்சாதியினர் கம்மியர் வீட்டில் உணவருந்தும் வழக்கம் இருந்ததாம். ஒருநாள் உயர்சாதியார் சிலர் கருவிகளைத் திருத்துவதற்காக ஒரு கொல்லனின் பட்டடையில் நெடுநேரம் காத்திருந்தனர். உணவு வேளையில், அவர்கள் பசி மிகுந்து தன் சோற்றிற் பங்கு கேட்டுவிடுவரோ என அஞ்சிய கொல்லன், வீட்டினுள் சென்று கதவைச் சாத்திக்கொண்டான். அதனை அவமதிப்பாகக் கொண்டு அவர்கள் முறையிட்டதன் விளைவாக, உயர்சாதியாரோடு உடனுண்ணும் உரிமை அச்சாதி முழுவதிலிருந்தும் என்றென்றைக்குமாகப் பறிக்கப்பட்டதாம். இக்கதை நிகழ்ந்ததோ புனைந்ததோ என்பது முக்கியமன்று. நாள் குறித்துவரப் பணிந்து நிற்க வேண்டிய ஒருவனை, அதே வேளையில் உடனுண்ணத் தகாதவனாகவும் வைத்திருக்க அச்சமுதாயம் ஒரு காரணத்தைத் தேடியது என்பதே முக்கியம்.

ஆடை, அணிகலன், வீட்டுக் கூரை ஆகியவற்றிலும் சாதிக்கேற்ற கட்டுப்பாடுகள் கண்டியிலே நிலவின. ஓடு வேய எல்லோர்க்கும் உரிமை இருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே ஆடை தாழ்வதுகூடச் சிலர்க்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. இவ்வாறு வெளித்தோற்றம் அனைத்தும் அளந்து கொடுக்கப்பட்ட சமூகத்திலே, மடியிற் செருகும் சிறுபொருளின் அலங்காரம் தனியொரு பொருளைப் பெற்றிருக்க வேண்டும் என்பது எமது ஊகம். வெள்ளிக் கரண்டகம் பிரதானிக்கும், பித்தளைக் கரண்டகம் குடியானவனுக்கும் என உலோகம் வேறுபட்டது. ஆயின் இரண்டிலும் ஓடிய கொடி ஒன்றே. பலவேளைகளில் அதனை வெட்டிய கையும் ஒன்றே.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. பட்டல் ஹதரவுக்கு வேலை கொடுத்த அரசன் இல்லாதொழிந்தான். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை அடுத்து 1832இல் அரசுக்குரிய இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய, பிரதானிகளின் நிலங்களில் மட்டும் சேவைக்கடமை தொடர்ந்தது. அதனையும் பணமாக மாற்றிக்கொள்ள 1870ஆம் ஆண்டின் சேவைக்காணிச் சட்டம் வழிவகுத்தது. கட்டாய உழைப்பு ஒழிந்தமையை நாம் வரவேற்காதிருக்க முடியாது. அதற்காக இரங்குவோர், தாம் எப்பக்கம் நின்று இரங்குகின்றனர் என்பதைச் சிந்தித்தல் நன்று. ஆயின் குடியேற்ற அரசு விலங்கை அறுத்தது கம்மியனை வாழ்விக்கவன்று. பெருந்தோட்டங்களுக்கும் வர்த்தகத்துக்கும் வேண்டிய கூலியுழைப்பும் நிலமும் சந்தைக்கு வரவேண்டும் என்பதே அதன் தேவை. சேவை பணமானதோடு கம்மியனின் காலமும் பணமாயிற்று. அதே நூற்றாண்டில் இறக்குமதி இரும்பு பெருகியமையால், சப்பிரகமுவையில் உள்ளூர்த் தாதுவை உருக்கி இரும்பெடுத்த யமன்னோ எனும் பிரிவினரின் தொழிலும் நலிந்தது. பின்னர் தொழிற்சாலைக் கத்தரிகளும் கத்திகளும் வந்தன. பாக்குவெட்டியொன்றின் விலை சந்தையிலே தீர்மானிக்கப்படும்போது, பாக்கை வெட்ட உதவாத கொடிக்கு விலை கொடுப்பார் யார்?

இம்மாற்றத்தை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிற் பிறந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். 1903 முதல் 1906 வரை கனிப்பொருளாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராகப் பணியாற்றியவர். பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களிற் சுற்றியபோது கம்மியரைக் கண்டார். அவ்வாராய்ச்சியின் பேறே 1908இல் வெளியான ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். அதிலுள்ள ஒளிப்படங்கள் பல அவரது துணைவியார் எதெல் எடுத்தவை. வில்லியம் மொறிஸ் முன்னர் பயன்படுத்திய அச்சியந்திரத்திலே 425 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டன. கைவினையைப் போற்றும் நூல் கைவினையாகவே ஆக்கப்பட வேண்டும் என அவர் விரும்பினார். பதினெட்டாம் நூற்றாண்டுக் கலையை மத்தியகாலத்தது என அவர் அழைத்தமை சிலர்க்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயின் ஆண்டுக் கணக்கைவிடச் சமுதாய அமைப்பே அவருக்கு அளவுகோலாயிருந்தது. அவ்வகையில் கலை வரலாற்றை உற்பத்தி உறவுகளோடு தொடர்புபடுத்திய முன்னோடிகளுள் அவரும் ஒருவர் எனலாம். சேவைக்காணி ஆவணங்களைக் கலைநூலொன்றிலே எடுத்தாள வேண்டும் என்ற எண்ணமே அக்காலத்தில் புதிது. தென்னிந்தியாவிலிருந்து வந்து சிங்களக் கம்மியரோடு கலந்த குடும்பங்களையும் அவர் கவனிக்கத் தவறவில்லை. இனத்தூய்மை பேசுவோர் இருசாராரும் அப்பக்கங்களை அவ்வளவாக விரும்பிப் படிப்பதில்லை.

எனினும் குமாரசுவாமியின் முடிவுகளோடு நாம் முற்றும் உடன்படுதல் இயலாது. கம்மியன் நிலத்தினாற் காக்கப்பட்டான், ஆதலின் விலைக்காக அன்றி வேலையின் நிறைவுக்காகவே உழைத்தான் என அவர் கண்டது சரியே. அந்நிலத்தோடு சாதியும் கட்டாயமும் பிணைந்திருந்தன என்பதையும் அவர் அறிவார். அறிந்தும் அதனை ஒழுங்கமைதி எனக் கொண்டார். மொறிசிடமிருந்து இயந்திர நாகரிகத்தின்மீதான வெறுப்பை அவர் பெற்றுக்கொண்டார். ஆயின் மொறிஸ் 1880களிலே தொழிலாளரின் பக்கம் சேர்ந்து பொதுவுடைமை இயக்கத்திற் பாடுபட்டமையை அவர் அவ்வாறு பெற்றுக்கொள்ளவில்லை. மொறிஸ் எதிர்காலத்திற் கண்ட மகிழ்ச்சியான உழைப்பைக் குமாரசுவாமி இறந்தகாலத்திற் கண்டார். இதனாற் கம்மியனின் இரு கைகளையும் மிகத் தெளிவாக வரைந்த அவரது நூலில், அக்கைகளுக்குரியவன் என்ன விரும்பினான் என்னும் வினா எழுவதேயில்லை.

நலிந்த கலைகளைப் புதுப்பிக்கும் முயற்சி குமாரசுவாமிக்கு முன்னரே தொடங்கிவிட்டது. கண்டிக் கலைச்சங்கம் 1882இல் நிறுவப்பட்டது. சுதந்திரத்தின் பின் அரசும் இப்பணியை ஏற்றது. 1964இல் லக்சல விற்பனை நிலையம் தோன்றியது. 1982இல் தேசிய அருங்கலைகள் பேரவைக்கான சட்டம் நிறைவேறியது. இவற்றாற் பல குடும்பங்கள் பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் புதுப்பிக்கப்பட்டது எது? உல்லாசப் பிரயாணியின் பெட்டியில் அடங்கும் பித்தளைத் தட்டமே இன்று கண்டிய உலோகவேலையின் அடையாளமாகிவிட்டது. யானை, பெரஹர, நடனக்காரன், சந்திரவட்டக்கல், சீகிரியப் பெண் ஆகியன அதிலே இடம்பெறும். அத்தட்டத்தில் எவரும் வெற்றிலை வைப்பதில்லை. அது சுவரில் தொங்குவதற்கென்றே பிறந்தது. முன்னர் புழங்குபொருளில் அலங்காரம் இருந்தது. இன்று அலங்காரத்தைத் தாங்குவதற்கென ஒரு பொருள் செய்யப்படுகின்றது.

பிலிமத்தலாவைப் பக்கமாக வீதியோரக் கடைகளில் அடுக்கப்பட்டுள்ள தட்டங்களை அருகில் வைத்து நோக்குவோர், மேலே நாம் விளக்கிய நுட்ப வேறுபாட்டைக் கண்ணாற் காணலாம். கோடுகளுட் பெரும்பாலானவை முளையால் அமுக்கப்பட்டவை, வெட்டப்பட்டவையல்ல. தொடக்கம் முதல் முடிவு வரை அவற்றின் அகலம் மாறுவதில்லை. இதனைக் கம்மியனின் திறமைக் குறைவு எனக் கொள்வது பிழை. எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறும் ஒருவன் உளியைச் சரித்து நிமிர்த்திக்கொண்டிருத்தல் இயலாது. அவனது பாட்டன் வெட்டிய கோட்டின் ஆழத்தில் ஒரு வகை நிலவுறவு பதிந்துள்ளதெனின், இவனது கோட்டின் மேலோட்டத்திலே இன்றைய கூலியுறவு பதிந்துள்ளது. 1977க்குப் பின்னர் திறந்துவிடப்பட்ட பொருளாதாரம் ஒருபுறம் உல்லாசப் பிரயாணிகளைக் கொணர்ந்தது. மறுபுறம் மலிவான பிளாத்திக்குப் பொருட்களைக் கொணர்ந்து, உள்ளூர் வீடுகளில் எஞ்சியிருந்த பித்தளைப் புழக்கத்தை மேலும் ஒடுக்கியது. வாங்குவோன் வெளியாள், செய்வோன் உள்ளூரான் என்ற பிரிவு இவ்வாறு முழுமையடைந்தது.

இறுதியாக, பெயர் பற்றி ஒன்று குறிப்பிடல் வேண்டும். எமது தமிழ் வீடுகளிலுள்ள பழைய பித்தளைக் குடம், செம்பு, தாம்பாளம் ஆகியவற்றின் கழுத்திலோ விளிம்பிலோ பெயர் வெட்டப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். பெரும்பாலும் அது சீதனமாகப் பாத்திரம் கொண்டுவந்த பெண்ணின் பெயராகவோ, குடும்பத் தலைவனின் தலையெழுத்துக்களாகவோ, அன்பளித்தவரின் பெயராகவோ இருக்கும். புள்ளி புள்ளியாக உளி வைத்துத் தட்டிய அவ்வெழுத்துக்களும் செதுக்குவேலையே. சபையிலே பாத்திரம் மாறிப்போகாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. யாழ்ப்பாண நகரிலே கன்னாதிட்டி என்னும் இடப்பெயர் கன்னாரை நினைவூட்டிக்கொண்டு இன்றும் வழங்குகின்றது. எனினும் பாத்திரங்களில் உடைமையாளரின் பெயரே காணப்படும். கன்னானின் பெயரைக் காண்பது அரிது. கண்டிய பாக்குவெட்டிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நூதனசாலைச் சீட்டில் பொருளின் பெயர், உலோகம், பிரதேசம், நூற்றாண்டு ஆகியன எழுதப்பட்டிருக்கும். சில வேளைகளில் அதனை அன்பளித்த பிரபுவின் பெயரும் இருக்கும்.

1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேறாகத் தயாரிக்கப்பட்ட சேவைக்காணிப் பதிவேடுகள் இத்தொடர்பில் புதிதாகப் படிக்கப்பட வேண்டியவை. நிலவரலாற்று ஆய்வாளர் அவற்றை நிலத்துக்காகவே புரட்டியுள்ளனர். எந்த விகாரைக்கு, எந்த ஊரில், எந்தப் பங்கினர் கரண்டகமும் பாக்குவெட்டியும் கொண்டுசென்றனர் என்பதை அப்பதிவேடுகளிலிருந்து திரட்டி, அவ்வவ் விகாரைகளிலும் நூதனசாலைகளிலும் எஞ்சியுள்ள பொருட்களோடு ஒப்புநோக்கினால், இதுவரை பிரதேசப் பெயரால் மட்டும் அறியப்பட்ட வேலைப்பாடுகளை ஊர்களோடும் குடும்பங்களோடும் இணைத்தல் ஓரளவுக்கேனும் கூடும். சிங்களமும் தமிழும் அறிந்த மாணவர் இருவர் சேர்ந்து, ஒரேயொரு விகாரையின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இவ்வேலையைத் தொடங்கலாம்.